வலி போன பிறகுதான் சாமி

பண்ருட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் என்னை "வலி மாத்திரை நர்ஸம்மா" என்றுதான் சொல்வார்கள். பேலியேட்டிவ் கேர் என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நுழைந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. இனி குணப்படுத்த வழியில்லை என்று சொல்லி, ஃபைலைக் கையில் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்ட புற்றுநோயாளிகளின் வீடு தேடிப் போவது என் வேலை. தொண்டு அமைப்பு ஒன்றின் வேன். அதில் டிரைவரும் நானும் எப்போதும் இருப்போம், டாக்டர் சில நாள் வருவார். என் பையில் மார்பின் மாத்திரை, மலம் இளக்கும் மாத்திரை, வாந்திக்கு மாத்திரை, காஸ் துணி, கத்தீட்டர், மெட்ரோநிடசோல், புண்ணில் புழு வைத்திருந்தால் வெளியே வரவழைக்க டர்பன்டைன் எண்ணெய்.

"சாகப்போற ஆளுக்கு என்னம்மா வைத்தியம்?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பார்கள். பதில் சொல்ல மாட்டேன். இலை போட்டிருக்கும் இடத்தில் புண்ணையும் புழுவையும் பற்றிப் பேச முடியாது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோயாளிகள் கேட்கும் கேள்வி வேறு. பாயோரம் உட்கார்ந்து பிரஷர் பார்த்து முடிப்பதற்குள் அது வந்துவிடும். "நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன் சிஸ்டர்? எனக்கு ஏன் இது?" இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற வித்தியாசமே இல்லை. மருத்துவத்தில் இதற்குப் பதில் உண்டு. வாயில் வந்ததற்குப் புகையிலையும் பாக்கும் காரணம். கர்ப்பப்பை வாயில் வந்ததற்கு எச்.பி.வி. என்ற வைரஸ் காரணம். ஆனால் அவர்கள் கேட்பது அதை அல்ல. மேலே இருப்பவருக்குத் தன்மேல் கோபமா என்று கேட்கிறார்கள். ஊரும் சும்மா இருப்பதில்லை. போன ஜென்மத்து வினை, செய்வினை, முடிக்காமல் விட்ட நேர்த்திக்கடன் என்று ஆளுக்கொரு காரணத்தைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே நின்று பேசுவார்கள். படுத்திருப்பவருக்குக் காது கேட்கும் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

இதற்கு நாங்கள் கைவசம் வைத்திருக்கும் பதில் திருவண்ணாமலையிலிருந்து வருவது. ரமண மகரிஷியின் இடது முழங்கைப் பக்கம் சின்னதாக ஒரு கட்டி வந்தது. 1949 பிப்ரவரியில் அதை எடுத்தார்கள். திரும்ப வந்தது. சார்கோமா என்ற புற்றுநோய். ஒரு வருடத்துக்குள் நான்கு முறை அறுவைச் சிகிச்சை. கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. பார்க்க வந்தவர்களுக்குக் கடைசிவரை தரிசனத்தையும் நிறுத்தவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு காலமானார். வங்காளத்தில் ராமகிருஷ்ண பரமஹம்சர் 1886-இல் தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். "அவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஒரு பாட்டி இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சாமிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்றியா கண்ணு?" என்றார்.

"இல்லைன்னுதான் நினைக்கிறேன் பாட்டி."

"அப்ப சாமிகிட்ட கோச்சுக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே பேத்தியைக் கூப்பிட்டுத் திருநீறு பூசிவிடச் சொன்னாராம். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த சம்புடம் அது.

சொன்னால் சுருக்கென்று இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். வலியில் துடிப்பவரிடம் கடவுளைப் பற்றியும் மனப்பக்குவத்தைப் பற்றியும் பேசுவது கொடுமை. முதலில் வலி போக வேண்டும்.

கொள்ளுக்காரன்குட்டைப் பக்கம், ஊர் எதுவாக இருந்தால் என்ன, முந்திரிக் கொட்டை உடைக்கும் ஒரு அக்காவைப் பார்க்கப் போனேன். தெறிக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், இடுப்பெலும்பு வரை பரவியிருந்தது. படுக்க முடியாது. தலையணையை மடியில் வைத்து, குனிந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பார். வீட்டார் மாரியம்மன் கோயிலுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள், பாடம் போட்டிருக்கிறார்கள், வேப்பிலை அடித்திருக்கிறார்கள். மாமியார் காதோரம் உட்கார்ந்து, "அம்மா பேரச் சொல்லு, அம்மா பேரச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அக்காவோ பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தக் கெழவியை அந்தாண்ட போகச் சொல்லுங்க" என்றார்.

மார்பின் பத்து மில்லிகிராம் மாத்திரையில் தொடங்கினோம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு மாத்திரை மட்டும் இரண்டு மடங்கு. அப்போதுதான் விடியும்வரை தூக்கம் கலையாது. வலி வந்த பிறகு கொடுப்பது தப்பு, வருவதற்கு முன்பே அடுத்த வேளை மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் கடிகாரப் படம் வரைந்து, மாத்திரை கொடுக்கும் நேரத்தில் புள்ளி வைத்துக் கொடுப்பேன். முதல் சில நாள் தூக்கம் சொக்கும், குமட்டும்; பிறகு சரியாகிவிடும். மலச்சிக்கல் மட்டும் விடவே விடாது. அதனால் மார்பினோடு மலம் இளக்கும் மாத்திரையும் முதல் நாளிலிருந்தே கொடுத்தாக வேண்டும். நரம்புவலிக்கு மார்பின் மட்டும் போதாது என்று டாக்டர் வேறொரு மாத்திரையும் சேர்த்தார்.

அடுத்த வாரம் போனபோது அந்த அக்கா படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எழுப்பவில்லை. அவரே விழித்துப் பார்த்து, "வலியில சாமி நெனப்பே வரல சிஸ்டர். யாரு பேரச் சொன்னாலும் எரிச்சலா வந்துச்சு. இப்பத்தான் அம்மாளை நெனக்க முடியுது" என்றார். மாமியாரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னதும் அதற்குப் பிறகுதான்.

அப்பர் கதை எங்கள் பக்கத்துக் கதை. பண்ருட்டியை ஒட்டித்தான் திருவதிகை இருக்கிறது. தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாக இருந்தவருக்குச் சூலைநோய் வருகிறது. குடலை முறுக்கும் வலி. சமணர்கள் செய்த சிகிச்சை எதுவும் கேட்கவில்லை. பெரியபுராணத்தில் இந்த இடத்தைக் கேட்கும்போதெல்லாம் என் கண்ணுக்குப் படுவது ஒன்று உண்டு. வலி பொறுக்க முடியாதபோது அவர் முதலில் தேடியது சிவனை அல்ல, அக்கா திலகவதியாரை. ஆள் அனுப்புகிறார். அக்கா அங்கே வர மறுக்க, ராத்திரியோடு ராத்திரியாக இவரே அக்காவிடம் வந்து விழுகிறார். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போகிறார். பதிகம் அதற்கு அப்புறம்தான். சேக்கிழாருக்கு நர்ஸ் வேலை தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கு முதலில் ஒரு மனிதரின் கை வேண்டும், சாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்பருக்கு நோய் போய்விட்டது. நான் பார்ப்பவர்களுக்குப் போகாது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் சின்ன வித்தியாசம் இல்லை.

மார்பின் என்றாலே வீட்டார் பயப்படுவார்கள். "போதை மருந்தாச்சே, பழகிடாதா?" இது ஒரு பயம். "இதை ஆரம்பிச்சா ஆள் முடிஞ்ச மாதிரிதானே?" இது அதைவிடப் பெரிய பயம். வலிக்கேற்ற அளவில், டாக்டர் பார்வையில் கொடுக்கும் மார்பின் ஆளைக் கொல்வதில்லை. ஆஸ்பத்திரிகளிலும் இந்தப் பயம் வெகுகாலம் இருந்தது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் மார்பின் வாங்கவும் வைத்திருக்கவும் அத்தனை உரிமங்கள் கேட்டார்கள். நமக்கேன் வம்பு என்று பல மருந்தகங்கள் அதை வைப்பதையே விட்டுவிட்டன. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. வெளிநாட்டுக்கும் அனுப்பினோம். நம் ஊர் நோயாளி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பும், அதன்பின் வந்தவர்களும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியதில் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்த வரலாறு தெரியாமலே எத்தனையோ பேர் இன்று ராத்திரி தூங்குகிறார்கள். தெரியாவிட்டால் போகட்டும்.

உடம்பு வலி அடங்கியதும் அதன் அடியில் கிடந்த மற்ற வலிகள் மேலே வரும். லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் சொன்னார். உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நோயாளியின் வலி என்றார். அவரே முதலில் நர்ஸாக இருந்து பிறகு டாக்டரானவர். எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு முஸ்லிம் அம்மா. மார்பில் புண் வெடித்து நாற்றம். வாசலிலேயே தெரியும். பிள்ளைகள் ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த அம்மா யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. புண் கட்டும்போது மெதுவாகச் சொன்னார். "தொழுகையை விட்டுட்டேன்மா. இந்த அசுத்தத்தோட எப்படி அல்லாஹ் முன்னால நிக்கிறது?" வீட்டில் யாருக்கும் அது தெரியாது. உடம்பு முடியவில்லை, அதனால் தொழவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மெட்ரோநிடசோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவிக் கட்டினால் நாற்றம் சில நாளில் அடங்கும். பெரிய வித்தை இல்லை, விலையும் சொற்பம். கட்டினேன். மகனிடம் சொல்லிப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வரச் சொன்னேன். அவர் வாசலருகே உட்கார்ந்து, நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்தபடி சைகையால் தொழலாம், தண்ணீர் பட முடியாத உடம்புக்குத் தயம்மும் இருக்கிறது, நிற்காமல் கசியும் புண்ணுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடி அழுதார். அடுத்த முறை போனபோது, "கொஞ்சம் இருங்க, அம்மா அஸர் தொழுறாங்க" என்று மருமகள் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து டீ கொடுத்தாள். எந்த உபதேசமும் செய்யாததைப் பொடித்த மாத்திரை செய்தது. அப்படி மாத்திரையை மட்டும் புகழ்ந்தாலும் தப்பு. ஹஜ்ரத் வராமல் அது முழுமையாகியிருக்காது.

எல்லா மதகுருவும் அந்த ஹஜ்ரத்தைப் போல இருப்பதில்லை. ஒரு ஜெபக்கூட்டத்துக்காரர், "உனக்கு விசுவாசம் போதலை, அதான் சுகம் கிடைக்கலை" என்று ஒரு இளம்பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நோய் ஒருபுறம், நோய் தீராததற்குத் தானே காரணம் என்ற குற்ற உணர்ச்சி மறுபுறம். வேரோடு பிடுங்கும் சூரணம் என்று வீட்டை அடகு வைக்கச் சொன்ன வைத்தியரையும் பார்த்திருக்கிறேன். இவர்கள்மேல் எனக்குள்ள கோபத்தைச் சம்பந்தப்பட்டவர் முகத்துக்கு நேரே காட்டியிருக்கிறேன், அதில் வருத்தமில்லை. குணமாவதுதான் நம்பிக்கைக்கு அத்தாட்சி என்றால் சாகிற அத்தனை பேரும் நம்பாதவர்களா?

நம்பிக்கை என்றால் கடவுள் நம்பிக்கைதான் என்றும் நான் எண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் இந்த வேலை பார்ப்பவர் அப்படி எண்ணவும் முடியாது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். பெரியார் கட்சி, கறுப்புச் சட்டை. இரைப்பையில் புற்றுநோய். நான் உள்ளே நுழைவதற்கு முன்பே மகன் வாசலில் மறித்து, "அப்பாகிட்ட அல்சர்னு சொல்லியிருக்கோம், நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்றார். இது எல்லா வீட்டிலும் நடப்பது. பாசத்தில் செய்கிறார்கள், திட்ட முடியாது. ஆனால் என் அனுபவத்தில், படுத்திருப்பவருக்குத் தெரியாத வீடு அபூர்வம். தெரியும் என்பதை வீட்டாரிடம் காட்டிக்கொள்ள மாட்டார். வீட்டாரும் அவரிடம் காட்டிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் யாரும் யாரோடும் எதுவும் பேசிக்கொள்ளாமல் நாள் போகும்.

நான் நோயாளியிடம் பொய் சொல்வதில்லை. கேட்காததைச் சொல்லித் திணிப்பதும் இல்லை. "உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது ஐயா?" என்று கேட்டேன். சிரித்தார். "அல்சருக்கு வீடு தேடி நர்ஸ் வருமாம்மா? கடைசி ஸ்டாப்பிங் எதுன்னு கண்டக்டருக்குத் தெரியாதா?" என்றார். மகன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அந்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள், பிறகு எல்லோரும் பேசினார்கள். பேங்க் புத்தகம், மகளுக்குத் தர வேண்டிய பங்கு, பதினாறாம் நாள் காரியம் வேண்டாம் என்பது, கண்தானம். கட்டிப் புற்றுநோய் உள்ளவர்கள் பெரும்பாலும் கண்தானம் செய்யலாம்; ரத்தப் புற்றுநோயோ கண்ணில் வந்த புற்றுநோயோ உள்ளவர்கள் செய்யக் கூடாது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அதுவரை கண்ணை மூடி ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்த வேண்டும் என்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அவர் மனைவி மட்டும் தலையணைக்கு அடியில் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டேன். ஐயாவும் என்னைப் பார்த்துவிட்டார். "தெரியும்மா. அவளுக்கு அதுல தூக்கம் வருதுன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். கொள்கையில் அவர் ஓர் அங்குலம் நகரவில்லை. அவர் போன பிறகு, சொன்னபடியே காரியம் எதுவும் நடத்தவில்லை. கண்கள் போய்ச் சேர்ந்தன.

எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் எழுதிய புத்தகத்தில், மரணத்தை எதிர்கொள்பவர் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளைக் கடப்பதாகச் சொன்னார். பயிற்சியில் எங்களுக்கு இதை எழுதிப் போடுவார்கள். வீடுகளில் அது அந்த வரிசையில் நடந்து நான் பார்த்ததில்லை. காலையில் "போதும்மா, நிம்மதியாப் போறேன்" என்றவர் மாலையில் "மெட்ராஸ்ல ஏதோ புது ஊசி வந்திருக்காமே" என்பார். இரண்டுமே உண்மைதான். ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று ஃபைலில் எழுதுவதை நான் நிறுத்தி வெகுகாலமாகிறது.

ஏற்றுக்கொள்ளாமலே போனவர்களும் உண்டு. எலும்புப் புற்றுநோய் வந்த ஒரு பையன். "ஏத்துக்கப்பா, மனசு லேசாகும்" என்று சொன்ன உறவினர்மேல் டம்ளரை வீசியவன். நான் ஊசி போட மட்டும் கையை நீட்டுவான். ஒருநாள் செல்போனில் குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்து உட்காரவே முடியாத நிலை. அவன் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், "பீஸ் கட்டணுங்கிறான், கட்டட்டுமா?" என்று கேட்டார். கட்டச் சொன்னேன். ஹால் டிக்கெட் வருவதற்குள் போய்விட்டான். அவன் கோபத்தைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வயதில் சாவை ஏற்றுக்கொள் என்று சொல்ல நாம் யார்? அவனுக்குக் கடைசிவரை வலி இல்லாமல் பார்த்துக்கொண்டோம். எங்களால் முடிந்தது அது, அவனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

கடைசி நாட்களில் வீட்டாருக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கும். சாப்பாடு நின்றதும், "பட்டினி போட்டுக் கொல்றோமே" என்று அழுவார்கள். உடம்பு தானே கடையைக் கட்டும்போது பசி இருக்காது. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். ஈரத்துணியால் வாயைத் துடைத்து, உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் போதும். தொண்டையில் கரகரவென்று சளிச் சத்தம் வரும். ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தால் குறையும். கேட்பவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும் அளவுக்கு அவருக்குக் கஷ்டம் இருக்காது. பால் ஊற்றுவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது, தெருவே வரிசையில் நிற்கும். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஸ்பூனை வாங்கி வைத்துவிட்டு, பாலில் நனைத்த துணியால் உதட்டை மட்டும் தொடச் சொல்வேன். கங்கை தீர்த்தமோ, ஜம்ஜம் தண்ணீரோ, வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தமோ, எதுவானாலும் அதே அளவுதான். எல்லோரும் கொடுத்தது போலவும் இருக்கும், மூச்சும் அடைக்காது.

இதைப் படிப்பவர் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் படுத்திருந்தால் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து வலி நிவாரணமும் ஆதரவுச் சிகிச்சையும் தரும் நர்ஸ்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கடைசிக் கட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்தே, மற்ற சிகிச்சை நடக்கும்போதே இதையும் பெறலாம். பார்க்கப் போகிறவர்கள் ஆறுதலும் தத்துவமும் சொல்வதற்கு முன்னால், "வலி இருக்கா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.